சாலமோன் மாட்டிவிட்டுப் போன கம்பிகள்

17 ஜூன் 1990, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரருடைய கிட்டாரை உறையிலிருந்து எடுத்தேன். ஐந்து மாதத்தில் இதுதான் முதல் தடவை. மெல்லிய கம்பிகளில் துரு. தடித்த கம்பிகளில் பச்சைப் புள்ளிகள். விரலை ஓட்டினேன், நுனி பழுப்பாகிவிட்டது.

ஜனவரியில் குவைத்துக்குக் கிளம்பிய காலையில் புது கம்பி மாட்டிவிட்டுத்தான் போனார். "வாரத்துக்கு ஒரு தடவை தொடச்சி வை மேரி. நான் வர்ற வரைக்கும் தாங்கணும்" என்றார். மறந்தே போனேன். வெட்கமாக இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

23 ஜூன், சனி

எண்ணெய் பிசின் மாதிரி ஆகி, தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. சிக்கு வாடை வேறு. ஆபீஸ் அரை நாள்தான், அதனால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் ஜெயவேலு அண்ணன் கடைக்குப் போனேன். தையல் மிஷின் ரிப்பேர் செய்பவர், கோயில் பாடகர் குழுவில் அவரும் கிட்டார் வாசிப்பார்.

"இன்னாம்மா இது, தல வாரி எண்ணெ வச்சி வுட்டிருக்கே?" என்று சிரித்தார்.

ஸ்பிரிட் தொட்ட துணியால் பிசினை எடுத்துவிட்டு, முறையைக் காட்டினார். முதலில் காய்ந்த பனியன் துணி. ஒவ்வொரு கம்பியையும் துணிக்குள் பிடித்து மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். அழுக்கு கம்பிக்கு அடியில்தான் சேரும். அப்புறம் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, அதுவும் கம்பியில் அல்ல, துணியில். கடைசியாக மறுபடி காய்ந்த துணி. மரத்தில் எண்ணெய் படாமல் இருக்க அடியில் காலண்டர் அட்டை.

14 ஜூலை, சனி

குவைத்திலிருந்து கடிதம் வந்தது. வெயில், ஓவர்டைம், குப்புராஜ் அண்ணன் வைத்த மீன்குழம்பு. குப்புராஜ் திருநீர்மலைக்காரர், அங்கே அவரோடு ஒரே அறை. கிட்டாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. துடைத்தேன்.

3 ஆகஸ்டு, வெள்ளி

குவைத்துக்குள் இராக் படை நுழைந்துவிட்டது. ரேடியோவில் நேற்றே சொன்னார்களாம், எனக்கு இன்று காலை ரயிலில்தான் தெரிந்தது. குரோம்பேட்டையில் இறங்காமல் பல்லாவரம் வரை போய்விட்டேன். வீட்டுக்கு வந்தால் அத்தை மகனுக்காக முழங்கால் போட்டபடியே இருக்கிறார்.

11 ஆகஸ்டு, சனி

தந்தி போகவில்லை. போனும் கிடைக்கவில்லை. கம்பிகளைத் துடைத்தேன். நேற்றும் துடைத்தேன். எதற்கு? அவர் மாட்டிய கம்பி அறுந்துபோனால் — வேண்டாம், எழுத மாட்டேன்.

25 ஆகஸ்டு, சனி

குப்புராஜ் அண்ணன் மனைவி தனம் அக்கா வந்தார். வாசலிலேயே, "உனுக்கு எதுனா லெட்டர் வந்துச்சா?" இல்லை என்றதும் அப்படியே சுவரில் சாய்ந்தார்.

நான் துணியும் எண்ணெயுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். கேலி செய்வாரோ என்று நினைத்தேன்.

"நானும் அவரு சட்டயெல்லாம் தெனம் எட்த்து தோச்சி போட்டுகினு கீறேன். அழுக்கே இல்ல. கை சும்மா இருந்தா பேஜாரா கீதுமா."

இரண்டு பேரும் காபி குடித்தோம்.

8 செப்டம்பர், சனி

முதல் கம்பி அறுந்துவிட்டது. யாரும் தொடவில்லை. மழைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தேன், படீரென்று ஒரு சத்தம்.

கடைக்கு ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததும் ஜெயவேலு அண்ணன் கையிலிருந்த மிஷினைக் கீழே வைத்தார். "தொடச்சா நாள் கூடும்மா. அறுவவே அறுவாதுன்னு நான் எப்ப சொன்னேன்?" புது கம்பி தந்தார். வாங்கவில்லை. மீதி ஐந்தையும் துடைத்து வைத்தேன்.

22 செப்டம்பர், சனி

வந்துவிட்டார்!

ஜோர்டானில் அம்மான் நகரம், அங்கிருந்து விமானத்தில் பம்பாய், பிறகு ரயில். கையில் ஒரு துணிப்பை மட்டும். பாதி ஆளாக இருக்கிறார். அத்தை கட்டிக்கொண்டு அழுதார். தண்ணீர் எடுக்கப் போன நான் சமையலறையிலேயே நின்றுவிட்டேன்.

குப்புராஜ் அண்ணன்? "பின்னாடி வர்றாரு."

30 செப்டம்பர், ஞாயிறு

தனம் அக்கா வந்தார். "அடுத்த பிளேன்ல வந்துடுவாரு அண்ணி" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டே. அக்கா போனதும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். வெகு நேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

7 அக்டோபர், ஞாயிறு

கோயிலுக்கு நானும் அத்தையும் மட்டும்தான் போனோம். திரும்பி வந்தால் கிட்டார் மொட்டையாகக் கிடக்கிறது. ஐந்து கம்பிகளும் துண்டு துண்டாகக் குப்பைக் கூடையில். அவர் கையில் கட்டிங் பிளேயர்.

"ஏன்?"

"பழசு. இன்னும் எதுக்கு அது?"

கல்யாணமாகி முதல் தடவையாகக் கத்தினேன். வாரா வாரம் தொடச்சேன், நீங்க உயிரோட இருக்கீங்களா இல்லையான்னே தெரியாம தொடச்சேன், அது அறுந்தா நீங்களே போயிட்ட மாதிரின்னு பயந்து பயந்து தொடச்சேன் — என்னென்னவோ சொன்னேன். அத்தை வெளியே போய்விட்டார்.

அவர் தரையில் உட்கார்ந்தார். அப்புறம்தான் சொன்னார்.

ஜோர்டான் எல்லையில் பாலைவன முகாம். குப்புராஜ் அண்ணனுக்குக் கடும் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. அம்மானுக்குப் பஸ் வந்தது. "நீ போடா, நான் அடுத்த பஸ்ல வரேன். வூட்டுக்குப் போனதும் மொத வேலயா ஒரு பாட்டு வாசி" என்றாராம். இவர் ஏறிவிட்டார். அம்மானில் இரண்டு நாள் காத்திருந்தார். வந்த பஸ் எதிலும் அண்ணன் இல்லை. இவர் பெயரை விமானத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"கூப்ட்ட ஒடனே ஓடினேன் மேரி. திரும்பிக்கூடப் பாக்கல."

கம்பி இருந்தால் கை போகும். வாசிக்க எனக்கு என்ன யோக்கியதை என்றார். சோறு வைத்தேன். இருவருமே சாப்பிடவில்லை.

14 அக்டோபர், ஞாயிறு

அம்மானிலிருந்து நம் ஆட்களை ஏற்றிவந்த விமானங்கள் நின்றுவிட்டனவாம். பேப்பரில் இருக்கிறது. "தனம் அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றேன். ஒரு மணி நேரம் கழித்துச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

திருநீர்மலை. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அக்கா நடுவில் இரண்டே கேள்வி கேட்டார்.

"தண்ணி குட்த்தியா?"

"என்னுதையும் குடுத்துட்டு வந்தேன் அண்ணி."

"அவருக்கு நெனவு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அக்கா எழுந்தார். அவரிடம், "நீ இனிமே இங்க வராத" என்றார். வாசலில் என் கையைப் பிடித்து, "நீ வாம்மா" என்றார்.

3 நவம்பர், சனி

அவர் சொல்லச் சொல்ல, அம்மானில் உள்ள நம் தூதரகத்துக்கு ஆபீஸில் மனு டைப் அடித்தேன். பாஸ்போர்ட் எண், முகாம், தேதி, கடைசியாக உடுத்தியிருந்த சட்டை நிறம். இது நான்காவது. தனம் அக்காவிடம் கையெழுத்து வாங்க நான் மட்டும்தான் திருநீர்மலைக்குப் போகிறேன்.

1 டிசம்பர், சனி

பதில் வந்தது. அந்தப் பெயரில் எந்தத் தகவலும் இல்லையாம்.

ஆங்கிலத்தில் இருந்ததால் தனம் அக்காவுக்கு யாராவது படித்துச் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன் என்றேன். "இல்ல, நானே வர்றேன்" என்றார் இவர். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றபடி படித்தார், பிறகு தமிழில் சொன்னார். தனம் அக்கா கேட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தப்போகிறார் என்றே நினைத்தேன்.

மூன்று டம்ளரில் காபி கொண்டுவந்தார். ஒன்றை அவர் பக்கமாகப் படியில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னொரு மனு எய்துங்க" என்றார்.