கடைசிப் பத்தியில் பீன்யா

2001 டிசம்பர் 11, செவ்வாய்

கப்பன் பூங்கா நூலகத்தில் மூன்று மணி நேரம். சிலி நாட்டு ஓய்வூதியம் பற்றி ஏழு பக்கம் குறிப்பு எடுத்தேன். 1981இலிருந்து அங்கே தொழிலாளி ஒவ்வொருவர் பெயரிலும் தனிக் கணக்கு. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு அதில் போகிறது. முதலாளி எதுவும் போடுவதில்லை. எத்தனை இடம் மாறினாலும் கணக்கு கூடவே வரும். இந்த முறையைக் கொண்டுவந்தது ராணுவ ஆட்சி. ஆனால் ராணுவத்தாரும் போலீசாரும் மட்டும் பழைய முறையிலேயே தங்கிக்கொண்டார்கள். இந்த வரியைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் பேப்பரில் எழுதப்போகும் தொடரின் பெயர் ‘ஐம்பத்தெட்டுக்குப் பிறகு’. சனிக்கிழமைதோறும், ஆறு வாரம். செய்தி ஆசிரியர் சில்வெஸ்டர் ஒத்துக்கொண்டார். “பெங்களூர்த் தமிழனுக்கு சிலி எதுக்குய்யா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு ஐம்பத்தைந்து. அவருக்கு ஐம்பத்தேழு. “உங்களுக்காகத்தான்” என்றேன்.

டிசம்பர் 15, சனி

முதல் கட்டுரை வந்துவிட்டது: சிங்கப்பூர். எழுத்துப்பிழை ஒன்று, அதுவும் என்னுடையதல்ல. காந்தா படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. நம்ம வீட்டு கேஸ் புக் எங்கன்னு கேட்டா மட்டும் தெரியாது” என்றாள்.

டிசம்பர் 23, ஞாயிறு

மகள் இளவேனில் ஸ்டாக்ஹோமிலிருந்து பேசினாள். எலெக்ட்ரானிக் சிட்டிக் கம்பெனி அவளை அங்கே அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறதாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் ஓய்வூதியத்துக்குத் தாவிவிட்டேன். காந்தா முறைத்தாள்.

பயனுள்ள செய்தி. சுவீடனில் வருஷத்துக்கு ஒரு முறை எல்லோர் வீட்டுக்கும் அரசாங்கத்திடமிருந்து ஆரஞ்சு நிறக் கவர் வருகிறது. இதுவரை உன் பேரில் இவ்வளவு சேர்ந்திருக்கிறது, அறுபத்தொன்றில் போனால் இவ்வளவு வரும், அறுபத்தைந்தில் போனால் இவ்வளவு என்று அதில் இருக்குமாம். பக்கத்து மேசைப் பெண்மணி தன்னுடைய கவரைக் கொண்டுவந்து காட்டினாராம். பிள்ளை வளர்க்க வீட்டில் இருந்த ஆண்டுகளையும் அங்கே கணக்கில் சேர்க்கிறார்கள்.

இதைக் காந்தாவிடம் சொன்னேன். சற்று யோசித்தாள். “பொண்ணை வளத்ததுக்கு மட்டும்தானா, உங்களை வளத்ததுக்கும் சேத்தா?”

2002 ஜனவரி 4, வெள்ளி

நான்காவது கட்டுரையைக் கொடுத்தாயிற்று. ‘வேலை மாறினால் என்ன ஆகும்?’ சிலியில் ஆரம்பித்து, சிங்கப்பூர் வழியாக, கடைசியில் நம் பீன்யா தொழிற்பேட்டைக்கு வந்து முடித்தேன். தொடரில் இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். சிலி ராணுவத்தைப் பற்றிய வரி இரண்டாம் பத்தியிலேயே வந்துவிட்டது.

ஜனவரி 5, சனி

கட்டுரை வந்தது. பொங்கல் குக்கர் விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வந்ததால் அடியில் ஒரு பத்தியை வெட்டியிருக்கிறார்கள். முறைதான். முப்பது வருஷமாகப் புது நிருபர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் இதுதான்: முக்கியமானதை மேலே வை, வெட்டினால் வலிக்காததைக் கீழே வை, பக்கத்தில் இடம் இல்லையென்றால் கத்தி அடியில்தான் விழும்.

எந்தப் பத்தி என்று பார்க்கவில்லை.

ஜனவரி 8, செவ்வாய்

ஒரு தபால் அட்டை வந்தது. அப்படியே எழுதிக்கொள்கிறேன்:

‘ஐயா, தங்கள் கட்டுரை கண்டேன். கண் திறந்தது. நான் பீன்யாவில் லேத் ஓட்டுபவன். எங்கள் கம்பெனி மூடிவிட்டது. பென்ஷனில் எட்டு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது. பத்து ஆண்டு நிறையாமல் விலகினால் ஓய்வூதியம் இல்லை, போட்டதை எடுத்துக்கொள்ளலாம் என்று தாங்கள் எழுதியபடி இன்றே மனு கொடுத்துவிட்டேன். டீக்கடையில் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர்களும் கொடுத்தார்கள். மிக்க நன்றி. — பச்சைமுத்து.’

இரண்டு முறை படித்தேன். பிறகு சனிக்கிழமைப் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். ‘போட்டதை எடுத்துக்கொள்ளலாம்’ என்ற இடத்தோடு கட்டுரை நிற்கிறது. வெட்டப்பட்ட பத்தியின் முதல் வரி இது: ‘அல்லது பணத்தை எடுக்காமல் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த வேலையின் ஆண்டுகளை இதோடு சேர்த்து எண்ணுவார்கள்.’

ஐயோ. என்னத்த பண்ணி வச்சிருக்கேன்.

முப்பத்துமூன்று வருஷ வேலையில் திட்டி வந்த கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய உண்டு. எதுவும் இந்த நன்றிக் கடிதம் போலச் சுட்டதில்லை. வெட்டியவனைச் சொல்லி என்ன பயன்? சிலி ராணுவத்தை மேலே வைத்து, பீன்யாவைக் கீழே வைத்தது யார்? நான்தானே.

ஜனவரி 9, புதன்

மெஜஸ்டிக்கில் பஸ் மாறி பீன்யா இரண்டாம் ஸ்டேஜ். அட்டையில் கம்பெனி பெயரும் வீட்டு விலாசமும் இருந்தன. முதலில் தொழிற்சாலைக்குப் போனேன். பூட்டிய கேட்டில் காவலாளி கோவிந்தப்பா மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். மனுக்கள் எங்கே என்று கேட்டேன்.

“யஜமான்ரு மாலெ ஹாக்கிதாரெ. ஹதினேளக்கெ பர்த்தாரெ” என்றார்.

முதலாளி சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். பதினேழாம் தேதிதான் வருவார். அவர் கையெழுத்து இல்லாமல் மனு பி.எஃப். அலுவலகத்துக்குப் போகாது. ஒன்பது மனுக்களும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. எனக்கு அந்த நிமிஷம் ஐயப்பனிடம் தனி மரியாதை வந்தது.

அங்கிருந்து பச்சைமுத்துவின் வீடு இரண்டு தெரு தள்ளி. ஐம்பது வயது, நரைத்த மீசை, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. பேப்பரில் டெண்டர் விளம்பரம்கூட விடாமல் படிப்பவராம். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். பத்து வருஷம் ஒரே இடத்தில் ஆக வேண்டும் என்பதில்லை. பணத்தை வாங்கினால் எட்டு வருஷம் ஏழு மாதமும் அழிந்துபோகும், அடுத்த இடத்தில் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டுக்கும் மனு ஒன்றுதான், அதில் பணம் வேண்டாம், சான்றிதழ் வேண்டும் என்று மாற்றினால் போதும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய்ச் சனிக்கிழமைப் பேப்பரைக் கொண்டுவந்தார். என் கட்டுரையைச் சுற்றிப் பேனாவால் கட்டம் போட்டிருந்தார்.

“சார், நீங்க நேர்ல வந்து ஒண்ணு சொல்றீங்க. பேப்பர்ல வேற ஒண்ணு போட்டுக் கீது. நான் எதை நம்பறது?”

“அதை எழுதினவனே நான்தாங்க.”

“அது உங்களுக்குத் தெரியும். டீக்கடையில எட்டு பேரு கீறாங்க, அவங்களுக்கு யார் சொல்றது? பேப்பர்ல போடுங்க சார். அப்பால மாத்திக் குடுக்கறோம்.”

அவர் மனைவி சரளா டீ கொண்டுவந்தார். அவருக்கு வேறு சந்தேகம். “சர்டிபிகேட்டை வாங்கி இன்னா சார் பண்றது? பிரேம் போட்டு மாட்டறதா?” வேறு வேலை கிடைக்குமா என்று கேட்டேன். மூன்றாம் ஸ்டேஜில் ஒரு பட்டறையில் பிப்ரவரியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். அங்கேயும் பி.எஃப். உண்டு. அப்படியென்றால் ஒன்றரை வருஷம் போதும், பத்து ஆகிவிடும்.

பச்சைமுத்து ஒரே வார்த்தைதான் திரும்பச் சொன்னார். பேப்பர்ல போடுங்க.

திரும்பும்போது பஸ்ஸில் சிரிப்பு வந்தது. வாசகர் நம் எழுத்தை நம்ப வேண்டும் என்று ஆயுள் முழுக்க ஆசைப்பட்டேன். என்னைவிட என் எழுத்தை நம்புகிற ஒருவர் கிடைத்துவிட்டார்.

ஜனவரி 10, வியாழன்

விவேக் நகரில் வியாழக்கிழமைக் கூட்டம். குழந்தை இயேசு கோயிலுக்கு வருகிறவர்களால் எங்கள் தெருமுனையிலேயே ஆட்டோ கால் மணி நேரம் நின்றது. அலுவலகத்துக்குத் தாமதம்.

பொங்கல் மலருக்காக இந்தச் சனிக்கிழமை என் தொடர் கிடையாது; அடுத்தது 19ஆம் தேதிதான். ஆனால் முதலாளி 17இல் வந்துவிடுவார். சில்வெஸ்டரிடம் தபால் அட்டையைக் காட்டித் திருத்தம் கேட்டேன்.

“நாம போட்டது தப்பில்லைய்யா. பாதி. பாதிக்கெல்லாம் திருத்தம் போட ஆரம்பிச்சா தினம் ஒரு பக்கம் ஒதுக்கணும்.”

“அந்தப் பாதியை நம்பி ஒன்பது பேர் மனு குடுத்திருக்காங்க சார்.”

வெட்டியது யாரென்று விசாரிக்கட்டுமா என்றார். வேண்டாம், கீழே வைத்தது நான் என்றேன். அட்டையை இன்னொரு முறை படித்தார். ‘மிக்க நன்றி’ என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை. மூணாம் பக்கம், ஓரத்துல பாதி நீளம். தென் அமெரிக்காவுல ஆரம்பிச்சே, அப்புறம் நான் பொறுப்பில்ல.”

ஜனவரி 11, வெள்ளி

முதல் வாக்கியத்தை மட்டும் ஐந்து தடவை எழுதினேன். ‘பத்து ஆண்டு நிறையுமுன் வேலையை விட்டவர்கள் பணத்தை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, சான்றிதழ் வாங்கி வைத்து, அடுத்த வேலையின் ஆண்டுகளை அதோடு சேர்க்கலாம்.’ அடுத்த வாக்கியம், சென்ற வாரம் இது விடுபட்டது, தவறு இந்த நிருபருடையது என்பது. அதன்பின் எப்படி மனுவை மாற்றுவது. அதன்பின் சிலி, இரண்டே வரி. இளவேனிலின் ஆரஞ்சுக் கவர் கடைசியில்.

பி.எஃப். அலுவலகத்துக்கும் போய், சான்றிதழ் பற்றிய விதியை அதிகாரி ஒருவரிடம் வரிக்கு வரி சரிபார்த்துக்கொண்டேன். மறுபடி பாதி கூடாது.

ஜனவரி 13, ஞாயிறு

வந்துவிட்டது! மூன்றாம் பக்கம், வலது ஓரம், மேலே. பட்டுச்சேலை விளம்பரம் ஒன்று வந்து அடியில் வெட்டியிருக்கிறார்கள். சிலி தப்பித்தது. சுவீடன் போய்விட்டது.

மாலை இளவேனில் பேசினாள். “என்னப்பா, என் கவரைப் போடறேன்னீங்களே, வந்துச்சா?” வெட்டிட்டாங்க என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்குப் புரியவில்லை. ரிசீவரைக் காந்தா வாங்கி, “உங்கப்பா எழுதினதை வெட்டினதுக்கு உங்கப்பாவே சிரிக்கிறார். பொங்கல் அதுவுமா என்னன்னு கேளு” என்றாள்.

ஜனவரி 14, திங்கள்

பொங்கல் பொங்கியது. பச்சைமுத்துவிடமிருந்து தகவல் இல்லை. நாளை பத்திரிகைக்கு விடுமுறை.

ஜனவரி 16, புதன்

தகவல் இல்லை. போய்ப் பார்க்கலாமா? போனால், நேரில் வந்து சொல்கிறவன் ஆகிவிடுவேன். எழுதியாயிற்று. எழுத்து தன் வேலையைப் பார்க்கட்டும். (இப்படி எழுதிவிட்டு, பீன்யா பஸ் எத்தனை மணிக்கு என்று இரண்டு தடவை விசாரித்தேன்.)

ஜனவரி 18, வெள்ளி

பத்தரை மணிக்கு அலுவலகத்துக்குப் பச்சைமுத்து வந்தார். வெளுத்த சட்டை, கையில் அரவணைப் பாயச டப்பா. நேற்று முதலாளி மலையிலிருந்து நேராகத் தொழிற்சாலைக்கு வந்தாராம். கோவிந்தப்பா முந்தின நாளே எல்லோருக்கும் சொல்லி அனுப்பியிருந்ததால், கேட்டில் ஒன்பது பேரும் நின்றிருக்கிறார்கள். பச்சைமுத்து ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை நீட்டியிருக்கிறார். முதலாளிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பச்சைமுத்து வாசிக்க வாசிக்க, கோவிந்தப்பா கேட்டில் நின்றபடி கன்னடத்தில் சொல்லிக் கேட்க வைத்திருக்கிறார். முதலாளி ஒன்றும் மறுக்கவில்லை. புது மனுக்களில் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு டப்பா பிரசாதமும் கொடுத்திருக்கிறார்.

ஏழு பேர் மாற்றிவிட்டார்கள். இருவர் பணமே வேண்டும் என்றார்களாம். ஒருவருக்குக் கிருஷ்ணகிரியில் வீடு பாதியில் நிற்கிறது. மற்றவர் காரணம் சொல்லவில்லை. அது அவர்கள் இஷ்டம். தெரிந்து எடுக்கிறார்கள்.

பச்சைமுத்து சுற்றிலும் பார்த்துவிட்டு, கட்டுரை சட்டென்று நின்றதுபோல் இருந்ததே என்று கேட்டார். மறுபடியும் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டார்கள், இந்த முறை உங்களுக்கு வேண்டியது எதுவும் அதில் இல்லை என்றேன்.

“இன்னா வெட்டினாங்கன்னு நாங்க பார்த்தாத்தானே தெரியும், வேணுமா வேணாமான்னு?”

பதில் சொல்வதற்குள் சில்வெஸ்டர் கூப்பிட்டுவிட்டார். பாயசத்தை அலுவலகமே சாப்பிட்டது. சில்வெஸ்டர் இரண்டு கரண்டி.

2009 நவம்பர் 12, வியாழன்

வருஷாந்திரச் சடங்கு. உயிரோடுதான் இருக்கிறேன் என்று பாங்கில் கையெழுத்துப் போடும் நாள். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று நினைத்தே மாற்றாமல் விட்ட காந்தி நகர்க் கிளை. பத்து மணிக்கே வரிசை வாசல் வரை. காந்தா போட்டுக் கொடுத்த காபி பிளாஸ்க்கில். ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகிறது. இந்த வரிசையில் எனக்குப் பழகிய முகங்கள் பல.

எனக்கு நாலு பேர் முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். மீசை முழுக்க வெளுத்திருந்தது. என்னை அவர்தான் முதலில் கண்டுகொண்டார். தன் இடத்தைப் பின்னால் நின்றவருக்குக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், போன மாசத்துலேர்ந்து வருது” என்றார் பச்சைமுத்து. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோல, என்ன வருகிறது என்று சொல்லவில்லை. மூன்றாம் ஸ்டேஜ் பட்டறையில் ஏழு வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறார். சரளா நலம். சான்றிதழைக் கடைசிவரை பிரேம் போட்டுத்தான் வைத்திருந்தாராம், பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்கும்போது ஆணி பிடுங்கிக் கழற்ற வேண்டியிருந்ததாம். முதல் முறை கையெழுத்துப் போட வந்திருக்கிறார். இவ்வளவு கூட்டம் இருக்கும் என்று தெரியாது.

காபியை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“அன்னிக்கு ஒரு பத்தியை வெட்டிட்டாங்கன்னீங்களே. அதுல இன்னா சார் இருந்துச்சு?”

எங்களுக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். ஸ்டாக்ஹோமில் மதியம் மூன்று மணிக்கு இருட்டிவிடும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.