பெரியம்மா எழுந்து நின்றார்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

இங்கே நான் வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவை, நேற்று அவர் படித்த கத்தோலிக்கப் பள்ளிக்குச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். அங்கே படித்த பழைய விளையாட்டு வீரர்களுக்குப் பாராட்டு விழா. தினமும் நான் தைலம் தேய்த்துவிடும் கால்கள், தடை தாண்டும் ஓட்டத்தில் யாராலும் பிடிக்க முடியாத கால்களாம்! திரையில் அவருடைய பழைய படத்தைக் காட்டினார்கள். தரையில் கால் படாமல் பறக்கிறார், அம்மா.

தலைமை சிஸ்டர் பதக்கத்தோடு குனிந்தார்.

"இருங்க சிஸ்டர், உட்கார்ந்துக்கிட்டு நான் மெடல் வாங்கினதே இல்ல" என்றார் பெரியம்மா. நான் தாங்கி எழுப்பினேன்.

"இப்ப கையை எடு."

பயந்துகொண்டே எடுத்தேன். தனியாக நின்றார்! அரங்கமே எழுந்து கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

தூக்கியதில் தோள் லேசாகப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இங்கே கம்பளி குத்துகிறது. போர்த்திக்கொள்ள உங்கள் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள், துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் ஓடியிருக்கிறீர்களா, அம்மா? ஜெயித்தீர்களா? போனில் சொல்ல வேண்டாம், எழுதுங்கள். திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

பெரியம்மா கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்