டிஷ் இறக்கியதற்குத் தண்டம்

2 ஒக்டோபர் 2007, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பதுளைப் பக்கம் மலையே காணோம்.

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், தேயிலைத் தோட்ட மேற்பிரிவு ஐந்தாம் லயம் நான்காம் காம்பராவான எமது இல்லத்தின் கூரைமீது தைப்பொங்கல் தொட்டுக் கோலோச்சி வந்த டிஷ் பெருமகனார் இன்று முற்பகல் பதவியிறக்கப்பட்டார். அன்னாரின் வயர், போல்ட், பெட்டி ஆகியன கட்டிலுக்கு அடியில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டுள்ளன. மலர்வளையம் வேண்டாம்.

காரணம்: லயத்துக்குப் புதுத் தகரம். தொரை உத்தரவு, கூரையில் போல்ட், டிஷ், பூசணிக்கொடி எதுவும் கூடாது. கூரை தோட்டத்துக்குச் சொந்தம். ஒழுகினால் அந்தத் தண்ணீர் மட்டும் நமக்குச் சொந்தம்.

ஹாலிஎல கொமினிகேசன் கடையிலிருந்து டீவிக் கம்பனிக்கு நானே கோல் எடுத்தேன். எல்லாம் சிங்களத்தில். அழகான பெண் குரல். "ஹரி மல்லி" என்றது, சரி தம்பி என்று. டீவி லைன் வெட்டியாச்சு. அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார்; டவுன் விவகாரமெல்லாம் நான்தான். சிங்களத்தில் நான் புலி. (இந்தச் சொல்லை பஸ்ஸில் சொல்லக் கூடாது.)

டீவி இப்போது ஒரே மழை. வெளியேயும் மழை. இரண்டு சனலும் ஒரே நிகழ்ச்சி.

16 ஒக்டோபர், செவ்வாய்

பள்ளிவிட்டு வரும்போது தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஐயா கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்க மாட்டார், ஆனால் நல்லவர்.

"தம்பி, உங்கட அம்மான்ர பேருக்கு ஒரு கடிதம் வந்து கிடக்கு. டீவிக்காரர்."

"நன்றிக் கடிதமாங்க ஐயா?"

"நன்றியோ? தண்டமடா. ரெண்டு வருச ஒப்பந்தமாம். இடையில நிப்பாட்டினபடியா காசு கட்டட்டாம். இந்த மாசக் கடைசிக்குள்ள கட்டாட்டி லோயருக்குக் குடுப்பினமாம்."

தொகையை இங்கே எழுத மாட்டேன். அம்மாவின் ஒரு மாதக் கொழுந்துச் சம்பளத்தை விடப் பெரிது.

ஒப்பந்தம் என்றால் ஒப்புக்கு ஒரு பந்தம் என்று நினைத்திருந்தேன். கட்டின தாலி மாதிரி நிற்கிறது. டிஷ் பூட்டிய பையன் தாளை நீட்டினான், அம்மா கையெழுத்துப் போட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெட்டியில் படம் தெரிந்ததும் லயமே கைதட்டியது. யாருக்கு வாசிக்க நேரம்?

கிளாக்கர் ஐயா சொன்னது: "கூரை உங்கட இல்லையே. ஆரைக் கேட்டுப் பூட்டினவை எண்டு கேளுங்கோ. தொரையின்ர உத்தரவில கொப்பி ஒண்டு தாறன்."

வீட்டில் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தது. எரியும் அடுப்பை.

பிறகு, "சீட்டுக் காசுல கை வைக்க முடியாது" என்றது.

சீட்டுக் காசு = அக்கா. ஜனவரியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. விடுதிக்கு முற்பணம், சேலைகள், ஒரு சூட்கேஸ். இதுவரை வாங்கியது ஒரு சேலை. அக்கா அதை எடுத்துத் திரும்ப மடித்தது. ஏற்கெனவே மடித்த சேலை.

"நான் கொழுந்துக்கே போறேம்மா. கூடைதான் இருக்குல்ல."

"வாய மூடு" என்றது அம்மா.

நான் ஒரு பகிடி விட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

17 புதன்

வெயில். கோல் எடுத்தேன். அதே அழகான குரல், இன்று அழகாயில்லை. "ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் மல்லி." பாட்டுப் போட்டு லைனில் நிற்க வைத்தாள். பாட்டு முடிந்தது, காசும் முடிந்தது.

பதுளையில் அவர்களுக்கு ஆபீஸ் உண்டு. வெள்ளிக்கிழமை நேரில் போவதாக முடிவு. பேச்சுவார்த்தைக் குழுத் தலைவர்: நான். பேச வேண்டியவை:
– கூரை தோட்டத்துடையது, கொப்பி இதோ
– உங்கள் ஆள் ஏன் தொரையிடம் கேட்கவில்லை
– தமிழில் தாள் தராமல் எப்படி
– மேசையைத் தட்டுவது (மெதுவாக)
– "நுகர்வோர்" என்ற சொல்லைப் போடுவது. சிங்களத்தில் என்ன? வாத்தியாரிடம் கேட்க.

அக்காவிடம் சொன்னேன்: "ஒன் சேலை என் பொறுப்பு."

"மொதல்ல ஒன் காற்சட்டைய நேரா போடு."

அம்மாவுக்கு வேறு யோசனை. டிஷ்ஷையும் பெட்டியையும் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுக்க வேண்டுமாம்.

"தோட்டத்த விட்டு நிக்கிறவங்க கத்தி, மம்பட்டி எல்லாத்தயும் ஒப்படைச்சாத்தானே பேரு வெட்டுவாங்க? சாமான் நம்மகிட்ட கெடந்தா கணக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

"அம்மா, அது டீவிக் கம்பனி. கொழுந்து நிறுக்கிற மடுவம் இல்ல."

"எல்லா ஆபீசும் ஆபீசுதான்."

18 வியாழன்

மப்பு வானம். அம்மா டிஷ்ஷைச் சாக்கில் போட்டுத் தைத்தது. பெட்டி, வயர்ச் சுருள் தனியாக. வயர் சாக்குக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. போன மாதம் பதுளை பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு ரேடியோப் பெட்டிக்கே குண்டோ என்று எல்லோரையும் இறக்கி வயலில் நிறுத்தினார்கள். சொன்னேன்.

"நம்ம என்ன களவா எடுத்துட்டுப் போறோம்?"

அடையாள அட்டை மூன்று தரம் பார்த்து வைத்தது. அம்மாவும் பயந்துதான் இருக்கிறது.

19 வெள்ளி

வென்றோம்!!! தண்டம் ரத்து. கையில் துண்டு இருக்கிறது, சீல் அடித்து.

விவரம் (சந்ததியினருக்காக): காலை பஸ். அம்மாவுக்கு இன்று பேர் விழாது, ஒரு நாள் சம்பளம் போச்சு. சாக்கை முதுகில் போட்டு, கயிற்றை நெற்றியில் கொடுத்துக் கொழுந்துக் கூடை மாதிரியே ஏறியது. வழியில் சோதனை. எல்லோரும் இறங்கினோம். சாக்கில் வயர் என்றதும் பொலிஸ்காரர் முகம் மாறியது. நான் இரண்டு வார்த்தை சிங்களத்தில் எடுத்துவிட்டேன், சிரித்துக்கொண்டே அனுப்பினார்.

ஆபீசில் கண்ணாடிக் கதவு, குளிர். மனேஜர் டை கட்டியவர். நான் கொப்பியை மேசையில் வைத்தேன். "கூரை யாருடையது? யாரைக் கேட்டுப் பூட்டினீர்கள்?" ஆள் ஆடிப்போனார். கொழும்புக்குக் கோல். சொந்தக்காரர் சம்மதம் வாங்காமல் பூட்டியது அவர்கள் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். வாதத்தில் நான் டிஷ், அவர்கள் சும்மா பிளேட்.

அக்கா துண்டை வாங்கி இரண்டு தரம் வாசித்தது. சிரிக்கப் பார்த்தது, அழுகை வந்துவிட்டது.

20 சனி

நல்ல வெயில். லயம் முழுக்க என் பெயர்தான். பக்கத்துக் காம்பரா முத்தம்மா அத்தை வடை கொடுத்தது. "மருமகனே, நீ லோயருக்குப் படி. பொய்க்குப் பொய்யும் ஆச்சு, காசுக்குக் காசும் ஆச்சு."

தண்ணிப் பீலியடியில் மனேஜர் மாதிரி நடித்துக் காட்டினேன். அம்மா குடத்தோடு வந்தது. நிறுத்தினேன்.

அத்தை கேட்டது: "என்னடி, ஒம் மவன் அவ்வளவு பேசினானாமே? நெசமா?"

அம்மா குடத்தைக் கழுவியது. என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா. அவந்தான் பேசினான். எனக்கென்ன சிங்களம் தெரியும்?"

மீதி வடையை நாய்க்குப் போட்டேன்.

21 ஞாயிறு

மழை. பள்ளி வேலை எதுவும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை எழுதியதை வாசித்தேன். கிழிக்கலாம். கிழித்தால் அடுத்த பக்கமும் கழன்று வரும். சரியாக எழுதிவிடுகிறேன்.

மேசையை யாரும் தட்டவில்லை. நான் ஆபீசுக்குள்ளேயே போகவில்லை. கதவடியில் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்றார்கள். அம்மா நெற்றியில் கயிறு, முதுகில் சாக்கு, காலில் செருப்பில்லை. நான் பக்கத்துக் கடையில் மணிக்கூடு விலை பார்ப்பவன் மாதிரி நின்றுகொண்டேன். கண்ணாடிக்குள்ளால் எல்லாம் தெரிந்தது, கதவு திறக்கிற நேரம் கேட்டது. கொப்பியை அம்மாதான் கொடுத்தது. மேசையிலிருந்த பெண் "டிஷ் நாங்க எடுக்கிறதில்ல அம்மா, கொண்டு போங்க" என்று தமிழில் சொன்னாள். அம்மா, "ஒப்படைக்க வந்தேன். துண்டு தாங்க, போறேன்" என்று நடு ஆபீசில் சாக்கைப் பிரித்து, டிஷ்ஷுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. புது லைன் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் என்ன ஏது என்று கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னது. கூரை, தகரம், தொரை, தண்டம். கோபமே இல்லை. இரண்டு பேர் தாளில் கையெழுத்துப் போடாமல் எழும்பிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் மனேஜர் கொழும்புக்குக் கோல் எடுத்தார். டை கட்டியிருந்தார் என்பது மட்டும் உண்மை.

வெளியே வந்து, "எங்கடா போன? பசிக்குதா?" என்று கேட்டது. ஒரு பணிஸ் வாங்கித் தந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. பஸ் சோதனை. யாரும் சிரிக்கவில்லை. பொலிஸ்காரர் சாக்கைக் காலால் தள்ளி, இது யாருடையது என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார், பக்கத்தில் நான்தான் நின்றேன். சிங்களப் புலி. "தன்னே நே" என்றேன். தெரியாது என்றேன்.

அம்மா கையைத் தூக்கியது. சாக்கடியில் முட்டி போட்டுத் தையலைப் பல்லால் பிரித்து, டிஷ்ஷை எடுத்துக் காட்டி, "டீவி, டீவி" என்றது. துப்பாக்கிக்கு முன்னால், அதையே திரும்பத் திரும்ப.

அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவு தெரியாது. ஆனால் "தன்னே நே" தெரியும். அது எல்லோருக்கும் தெரியும்.