ஒரு நூல் இடைவெளி இல்லாத கூண்டு

சித்திரை 14, ஞாயிறு

காலை எட்டுக்கே துவைக்கிற கல் சுடுகிறது. மேகம் இல்லை. நான் இன்னும் குளிக்கவில்லை. குளியலறை மூலையில் கருப்பி அடை. எட்டாம் தேதி உட்கார்ந்தாள், பதினொரு முட்டை. சொம்பைத் தொட்டாலே கர்ரென்கிறாள். திட்டு மட்டும் எனக்கு. பாக்கியம் கோழிக்குப் பயப்படுகிறாள், கட்டிய புருஷனுக்குப் பயப்படுவதில்லை.

கொரட்டூரிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை ஈரோட்டுப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை. பின்பக்கம் கூண்டு கட்டப்போகிறேன் என்று போனில் சொன்னதற்கு, படமே போட்டு அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார். நீளவாக்கு கிழக்கு மேற்கு. இரண்டு பக்கமும் கம்பி வலை. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் திறப்பு. கூரைமேல் கீற்று.

"இன்னா மாப்ள, கூண்டு வரைவீங்கன்னு பார்த்தா சல்லடை வரைஞ்சிக்கினு வந்துகீறீங்க?"

"காத்து போகோணுமுங்க மாமா."

"நீங்க கோழிய பிரியாணிலதான பார்த்துகீறீங்க?"

மகள் முறைத்தாள். மாப்பிள்ளை சிரித்தார். கோபப்படாத ஆளைச் சீண்டுவதில் ருசியே இல்லை.

கருப்பியின் கூடையிலிருந்து மணல் ஒழுகுகிறது. படத்தை நாலாக மடித்து அடியில் கொடுத்தேன். உபயோகமான படம்தான்.

சித்திரை 16, செவ்வாய்

வெயில், வெயில். பிரஷர் மாத்திரை போட்டேனா? ஞாபகம் இல்லை.

கூண்டு முடிந்தது. தகரம் ஆறு, ஆங்கிள் நாலு, போல்ட் நட்டு ஒரு டப்பா, நாதாங்கி ஒன்று. நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தாறு வருஷம் லேத்தில் நின்ற கை. இஞ்சில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். அந்த ஒரு நூல் தள்ளினாலே சூப்பர்வைசர் கடைந்த ஜாபைத் தூக்கி எறிவான். என் கூண்டில் ஒரு நூல் இடைவெளி கிடையாது. காகிதச் சீட்டுகூட நுழையாது.

பக்கத்து வீட்டு தன்ராஜ் மதில் மேலிருந்து எட்டிப் பார்த்தான். "இன்னா அண்ணாத்தே, கோழிக்கா, பேங்க் லாக்கரா?"

"பெருச்சாளி வந்தா சாவி கேக்கணும்டா."

சித்திரை 18, வியாழன்

ஒரு கோழிகூட உள்ளே போகவில்லை. சாயங்காலம் எல்லாம் முருங்கை மேல். அரிசி போட்டேன், கம்பு போட்டேன், கெஞ்சினேன். ஒவ்வொன்றாகப் பிடித்துத் திணித்தேன். கையெல்லாம் கீறல். நன்றி கெட்ட ஜென்மங்கள்.

பாக்கியம்: "அதுங்களுக்குப் புடிக்கலய்யா."

"கோழிக்கு இன்னாமே புடிக்கும் புடிக்காது? ஏசி கேக்குதா?"

சித்திரை 20, சனி

குளியலறைச் சண்டை முற்றிவிட்டது. கருப்பியைக் கூடை, முட்டை, படத்தோடு அப்படியே கூண்டில் வைத்தேன். குளித்தேன். பரம சுகம்.

சித்திரை 21, ஞாயிறு

கத்திரி ஆரம்பம்.

வெயில் ஆகாதென்று எல்லாவற்றையும் உள்ளேயே அடைத்து வைத்திருந்தேன். சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். இரண்டரைக்குப் பாக்கியம் கத்தினாள். வெள்ளைச்சி செத்துக் கிடந்தது. மற்றவை வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து. கருப்பி முட்டையை விட்டு எழுந்து கதவோரம் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. முட்டை தொட்டால் சுட்டது.

கூடையைத் திரும்பக் குளியலறைக்கு எடுத்து வந்தோம். தண்ணீர் காட்டினோம். குடித்தாள், உட்கார்ந்தாள். முட்டைக்குள் என்ன ஆனதோ தெரியவில்லை.

"வெயில்ல சாவறது சகஜந்தான்" என்றேன். வாயை மூடியிருக்கலாம்.

"சகஜமா? நீ போய் உள்ள குந்துயா. பத்து நிமிசம்."

"அரை மணியே குந்துவேன்."

குனிந்து போய் உட்கார்ந்தேன். நாதாங்கியைப் போட்டுவிட்டாள்! தகரம் முதுகில் பட்டது, தோசைக்கல். மூச்சு விட்டால் அதே மூச்சு திரும்ப வருகிறது. வெளியே தன்ராஜ் குரல்.

"அண்ணி, லாக்கர்ல இன்னா வெச்சுகீறீங்க?"

"பழைய இரும்பு."

எத்தனை நிமிஷம் என்று எழுத மாட்டேன். பத்து இல்லை.

சித்திரை 22, திங்கள்

மாப்பிள்ளை படம் வேண்டும். கூடைக்கு அடியில். கை விட்டேன், கருப்பி கொத்தினாள். துண்டு சுற்றி விட்டேன், துண்டோடு கொத்தினாள். ஒருவழியாக இழுத்தால், குளியலறை ஈரத்தில் மை கரைந்து நீலமாக ஒரு குட்டை. வலை எங்கே என்று தெரிகிறது. மேல் திறப்பின் அளவு போச்சு.

மத்தியானம் வரை யோசித்தேன். போன் போட்டேன்.

"மாப்ள, கூரைக்குக் கீழ எவ்ளோ தொறந்து உடணும்?"

"படம் இருக்குதுங்களே மாமா?"

"கீது. கருப்பி மேல குந்திப் படிச்சிக்கினு கீறா."

"ஒரு அடிங்க. சூடு மேலதானுங்க ஏறும். அது வெளிய போக வழி விடோணுங்க."

"ஒரு அடியா! ஒரு நூலுக்கு மெமோ வாங்கனவன் மாப்ள நானு."

மாப்பிள்ளை சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "முட்டை எப்படிங்க மாமா இருக்குது?" என்றார். சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன்.

சித்திரை 25, வியாழன்

மூன்று நாளாக அறுப்பு. கைத் தோல் உரிந்துவிட்டது. நானே இறுக்கிய போல்ட், கழல மாட்டேன் என்கிறது. வடக்கும் தெற்கும் வலை. வலைக்கண் சின்னது, பெருச்சாளி தலை நுழையாது. மேலே ஒரு அடி திறப்பு, அதற்கும் வலை. கீற்று இரண்டு அடுக்கு. வெயில் பக்கம் ஈரக் கோணி.

மூன்று மணிக்குக் கடல்காற்று வந்தது. ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போனது. கோணி அசைந்தது.

பொழுது சாயக் கோழிகள் தாமாக உள்ளே போய்க் குச்சியில் ஏறின. ஒருத்தியையும் கூப்பிடவில்லை. வெள்ளைச்சி இடம் காலி.

பாக்கியம் டீ கொண்டுவந்தாள். பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திட்டினால் தேவலை.

சித்திரை 28, ஞாயிறு

மாப்பிள்ளை வந்தார். கூண்டைச் சுற்றி வந்தார். டேப் வைத்து அளப்பார் என்று பார்த்தேன், அளக்கவில்லை. நேரே குளியலறைக்குப் போய்க் கருப்பி எதிரில் குந்திக்கொண்டார்.

"நாளைக்குத்தானுங்களே மாமா?"

"நாளைக்குத்தான். வந்தா."

பாக்கியம் அவருக்குக் கேட்கிற மாதிரி: "உங்க மாமா இந்த வாரம் யாரையும் கிண்டல் பண்ணல மாப்ள. ஒடம்பு சரியில்லியோ இன்னாமோ."

சித்திரை 29, திங்கள்

விடியும்போதே புழுக்கம். பால் வரவில்லை. இருபத்தொன்றாம் நாள்.

கருப்பி இன்று கொத்தவில்லை. கையை அடியில் விட விட்டாள். ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தேன். ஒன்றும் இல்லை. இன்னொன்று. ஒன்றும் இல்லை. மூன்றாவதில் உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். மெதுவாக, விட்டு விட்டு.

"பாக்கியம்! கண்ணாடி எடுத்தா!"

ஓட்டில் ஒரு விரிசல். சரியாக ஒரு நூல்.