உறை ஊற்றும் சூடு

14-8-86, வியாழன், செம்பூர்.

கன்று இன்று கெட்டியாகச் சாணம் போட்டது. பிழைத்துவிட்டது.

மழை தொடங்கியதிலிருந்து எருமைக்கன்றுக்குக் கழிச்சல். கிடாக்கன்று வேறு. பக்கத்துக் கொட்டகைக்காரன், "ஜானே தோ சாச்சா" என்று, போனால் போகட்டும் விடு என்பதுபோலச் சிரித்தான். பம்பாயில் கிடாக்கன்றுக்குப் பால் கொடுப்பவன் பைத்தியக்காரனாம். நான் கொடுப்பேன்.

மாட்டு டாக்டர் ஒரு பொடி தந்தார். வயிற்றுக்கு நல்லது செய்கிற கிருமியாம், உயிரோடு இருக்குமாம். பாலில் கலந்து கொடுத்தும் கழிச்சல் நிற்கவில்லை. மழைக்குப் பச்சைப்பால் ஆகாது என்று காய்ச்சித்தான் கொடுத்தேன்.

முந்தாநாள் கன்று எழவே இல்லை. டாக்டரைத் திட்டிக்கொண்டே கொதிக்கும் பாலில் பொடியைக் கொட்டினேன். மருமகள் செல்வி பார்த்துவிட்டாள்.

"கொதிக்கிற பால்ல உறை ஊத்தினா தயிர் ஆவுமா மாமா? உசுருள்ள கிருமி, வெந்துல்லா போவும்."

"மாட்டைப் பத்தி எனக்குச் சொல்லித் தராதே."

"மாட்டைப் பத்திச் சொல்லல மாமா. தயிரைப் பத்திச் சொல்லுதேன்."

அவள் உள்ளே போனதும் அந்தப் பாலைக் கொட்டினேன். வேறு பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் வரை ஆற்றிப் பொடியைக் கலந்தேன். அதற்குப் பிறகு அப்படியேதான்.

இன்று கன்று தாய்மடியை முட்டுகிறது. "பொடி மெதுவாத்தான் வேலை செய்யும்" என்றேன் செல்வியிடம். "ஆமா மாமா" என்றாள். சிரிக்கவில்லை. நல்ல பெண்.

நாளைக் காலை கறக்கும் முதல் செம்புப் பால் விற்பனைக்கு இல்லை. அவள் உறை ஊற்றட்டும். காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன்.