ஆஸ்பத்திரி லாரி

மார்ச் 4

இன்றைக்கும் கிளப்பிலேயே குளித்துவிட்டு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி என் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஷாம்பு வேற" என்றார்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். வீட்டில் சமையல் என் கணவர், சம்பாத்தியம் நாங்கள் இரண்டு பேரும், தண்ணீர் இலாகா முழுக்க அண்ணி. அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம் அலச வேண்டும், பாத்திரம் அலசிய தண்ணீரில் தரை துடைக்க வேண்டும், தரை துடைத்தது கழிவறைக்கு. இந்த வரிசையில் ஒன்று தவறினாலும் அன்று பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

நான் செய்யும் வேலையோ, அந்தக் கிளப்பில் நீச்சல் சொல்லித்தருவது. பகல் முழுக்க கழுத்தளவு தண்ணீரில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து அரை சொம்புத் தண்ணீருக்கு அனுமதி கேட்டு நிற்கிறேன். கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கே சில நாள் சிரிப்பு வருகிறது.

மார்ச் 9

வெயில். வேறு எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 13

பொதுக் குழாயில் தண்ணீர் இன்று பாதி வரிசையோடு நின்றுவிட்டதாம். போன வருடம் மே மாதத்தில்தான் இப்படி ஆனது, இந்த வருடம் மார்ச்சிலேயே ஆரம்பம். இரண்டு பருவமாக மழை ஏமாற்றிவிட்டது. ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதை, பஸ் ஓட்டிப் போகும்போது என் கணவர் பார்த்திருக்கிறார்.

அண்ணிக்குத் தண்ணீர் கிடைத்தது. இருட்டிலேயே எழுந்து முன்னால் போய் நின்றுவிடுகிறவர் அவர். எனக்கு விடியும் முன்பே கிளப்பில் முதல் வகுப்பு என்பதால் அந்த வரிசையை நான் பார்த்ததுகூட இல்லை. நான் பார்ப்பது லாரியை மட்டும்தான். தெரு முனைத் தொட்டியிலிருந்து தண்ணீர் ஏற்றிக்கொண்டு, நான் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக எங்கள் சந்தில் ஊர்ந்து வரும். முன்னால் 'மருத்துவமனை அவசர விநியோகம்' என்று பெரிய போர்டு. அதைப் பார்த்ததும் தெருவே அவரவர் டிரம்மையும் வண்டியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அண்ணி போலீஸ்காரர் மாதிரி நடுவில் நின்று, "உசுருக்குப் போற தண்ணி, ஒதுங்குங்கப்பா" என்று கையாட்டுவார். அந்தத் தொட்டிதான் எங்கள் குழாய்க்கும். லாரி போன பிறகு மிச்சம் எங்களுக்கு. யாரும் முணுமுணுத்ததில்லை. ஆஸ்பத்திரி இல்லையா?

மார்ச் 18

கிளப் மேனேஜர் நல்ல மனநிலையில் இருந்தார். பயிற்சியாளர்கள் மதிய வகுப்புக்கு வீட்டு ஆள் ஒருவரை இலவசமாக அழைத்து வரலாம் என்று ஒரு விதி இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். அண்ணியிடம் சொன்னேன். "எனக்கெதுக்குடி இந்த வயசுல நீச்சல்" என்றார். ஷவர் இருக்கிறது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றேன்.

உடனே அவர் பீரோவைத் திறந்து துண்டு தேட ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 20

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

நேராக ஷவருக்குப் போய்விடலாம் என்பது அண்ணியின் திட்டம். வாசலில் இருக்கும் அம்மா விடவில்லை. நீந்துகிறவர்களுக்கு மட்டும்தான் ஷவர். வேறு வழியில்லாமல் இரவல் நீச்சலுடையில், மேலே ஒரு டி-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு இறங்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதையுங்கள் என்றேன். உதைக்கவில்லை. பயம் என்று நினைத்தேன். பயமெல்லாம் இல்லை.

"உதச்சா வெளிய தெறிக்குதே."

"தெறிக்கட்டும் அண்ணி."

"வீணாப் போகுமேடி."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு பெண் குதித்ததும் தண்ணீர் பொங்கி ஓரத்துச் சாக்கடையில் விழுந்தது. அண்ணி துடித்துப்போய்த் தன் கையால் அணை கட்டப் பார்த்தார். இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், தண்ணீருக்கு வலிக்குமோ என்று தயங்கி நின்ற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஷவரில் இருந்து அவரை வெளியே கொண்டுவரத்தான் பெரும்பாடு பட்டேன்.

மார்ச் 29

அண்ணி உதைக்கிறார். மூக்கில் தண்ணீர் ஏறினால் என்னைத்தான் திட்டுகிறார். வீட்டில் கட்டிலில் குப்புறப் படுத்துக் கைவீசிப் பழகுகிறார். என் கணவர் பார்த்துவிட்டு, "அக்கா, எந்த ஊருக்குக் கெளம்பிட்ட?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஏப்ரல் 3

குளத்துத் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கிறது. வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு விரல் அளவு ஆவியாகிப் போகிறது என்கிறார் மேனேஜர். ஆனாலும் மட்டம் குறைவதே இல்லை. மறுநாள் காலையில் பழையபடி விளிம்பு வரை நிற்கிறது. எங்கிருந்து என்று நான் கேட்டதில்லை.

அண்ணி இன்று மிதந்தார். மல்லாந்து, கண்ணை மூடி, கை கால் விரித்து. நான் அடியில் வைத்திருந்த கையை எடுத்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை.

ஏப்ரல் 6

மிதவைப் பலகை எடுக்கக் கிளப்பின் பின்பக்கம் போனேன். பின்கேட்டில் லாரி. அதே போர்டு. குழாயைக் குளத்தின் தொட்டியில் விட்டுத் திறந்திருந்தார்கள். காலையில் எங்கள் சந்தில் என் ஸ்கூட்டரை நகர்த்தியதற்குத் தலையாட்டி நன்றி சொன்ன அதே டிரைவர்.

"அக்கா, நீங்க இங்கயா வேல பாக்குறீங்க?" என்று வெள்ளந்தியாகச் சிரித்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"அங்க வாரத்துல ஒரு நாள்தாங்கா. மிச்ச நாளெல்லாம் இங்கதான். நமக்கென்ன, சொன்ன எடத்துல கொட்டறோம்."

பலகையை எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 7

சொல்லவில்லை.

ஏப்ரல் 10

என்ன செய்வது? சொன்னால் லாரி நிற்கும். லாரி நின்றால் குளம் வற்றும், குளத்தோடு என் வேலையும். வேலை போனால் இவர் ஒருத்தர் சம்பளத்தில் எத்தனை மாதம் ஓட்டுவோம்? அண்ணிக்கு மிதக்கவும் இடம் இருக்காது. சொல்லாவிட்டால்... சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. எல்லாம் இப்படியே இருக்கும். அதுதான் உறுத்துகிறது. தெருத் தண்ணியத்தான் தினமும் மிதிச்சிக்கிட்டு நிக்கறேன். அதுல ஷாம்பு வேற போட்டுக் குளிச்சிருக்கேன்.

இவரிடம் சொன்னேன். ரசத்தை இறக்கி வைத்தார். "உன் வேலை, நீதான் முடிவு பண்ணணும். ஆனா எங்க அக்காவுக்கு அப்புறமா தெரிஞ்சா நான் வீட்ல இருக்க மாட்டேன், டபுள் டூட்டி கேட்டுட்டுப் போயிடுவேன்" என்றார். மனிதருக்குப் பயத்திலும் கிண்டல்தான்.

ஏப்ரல் 12

கடைசி வீட்டுத் தையல்காரப் பெண்ணுக்கு இப்போது எட்டு மாதம். இன்று எனக்குக் காலை வகுப்பு இல்லை, வீட்டில் இருந்தேன். காலி கேனோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். என்னாச்சு என்றேன். "வரிசை என்கிட்ட வரதுக்குள்ள தண்ணி நின்னுடுச்சுக்கா. பரவால்ல, ஆஸ்பத்திரிக்குத்தான போச்சு. நானும் அங்கதான போகப்போறேன்" என்று வயிற்றைத் தடவிச் சிரித்தாள்.

நான் என்ன மனுஷி.

மதியம் அண்ணியைக் கூட்டிப்போனேன். அவர் மிதந்துகொண்டிருந்தபோதே காதருகில் குனிந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணைத் திறந்தார். மெல்ல எழுந்து தரையில் கால் ஊன்றி நின்றார். படியேறி, துண்டால் துடைத்துக்கொண்டு புடவை கட்டிவிட்டார்.

"ஷவர்ல குளிக்கலையா அண்ணி?"

"ஊர்ப் பொம்பளைங்க தண்ணில இன்னிக்கு இதுவே போதும்" என்றார்.

வீட்டு வாசலில் நின்று, "ஒனக்கு வேல போயிடுமேடி" என்றார். தெரியும் என்றேன்.

ஏப்ரல் 13

வரலாறு காணாத காலை. லாரி வந்தபோது சந்தின் நடுவில் அண்ணி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால், ராத்திரியே அவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்த தெருப் பெண்கள் எல்லோரும். டிரைவர் தலையை நீட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கு நேரமாகுதும்மா."

"அப்ப நல்லது. நாங்களும் வரோம், ஏத்திக்க. எந்த வார்டுன்னு காட்டு, ஊத்திட்டு வந்துடறோம்."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, "எனக்கு இது என்னிக்காவது வரும்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார். பாவம், அவர் மேல் என்ன தப்பு.

வெயில் ஏறிய பிறகு குடிநீர் அலுவலகத்து அதிகாரி வந்தார். எல்லாம் புரளி, யார் பார்த்தது என்று அதட்டினார். தெரு என்னைப் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியாது. என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் பார்த்தேன். அங்கதான் சார் நீச்சல் சொல்லித்தரேன்."

பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

ஏப்ரல் 17

மேனேஜர் போனில் ரொம்ப மரியாதையாகப் பேசினார். குளத்தைப் பராமரிப்புக்காக மூடுகிறார்களாம். திறக்கும்போது சொல்லி அனுப்புவாராம். மாட்டார். உறுப்பினர் ஒருவர் வழியில் என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

லாரி இனி வாரத்தில் ஒரு நாள்தான் வருமாம், ஆஸ்பத்திரிக்கு மட்டும். இரண்டு பள்ளிகளில் விளையாட்டு ஆசிரியர் வேலைக்குக் கேட்டு வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 22

ஒரு பள்ளி இல்லை என்றுவிட்டது. அண்ணி கட்டிலில் குப்புறப் படுத்துப் பழகுவதை நிறுத்திவிட்டார். நான் பார்க்காத நேரத்தில் பழகுகிறாரோ என்னவோ.

ஏப்ரல் 27

இனிக் காலையில் நான் போக இடமில்லை என்பதால், "நீயும் வந்து நில்லு" என்று எழுப்பிவிட்டார் அண்ணி. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தண்ணீர் வரிசை. நான் பல் தேய்த்துப் போவதற்குள் தெரு முழுக்க நின்றிருந்தது. தையல்காரப் பெண் தள்ளி நின்று, "அக்காவ முன்னாடி விடுங்க, அவங்களாலதான" என்றாள். இரண்டு பேர் நகரக்கூடச் செய்தார்கள்.

முன்னால் இருந்து அண்ணியின் குரல் வந்தது. "யாரும் விட வேணாம். எந்திரிச்ச நேரத்துக்கு எடம். அவ கடைசில நிக்கட்டும்."

கடைசியில் நின்றேன். எனக்குப் பின்னால் ஆள் இல்லை. எனக்கு முன்னால் தையல்காரப் பெண், நிறைந்த கேனைத் தூக்க முடியாமல் தூக்கிப் போனாள். என் முறை வந்தபோது குழாயில் தண்ணீர் மெலியவில்லை. முதல் வாளி நிறைந்தது. இரண்டாவதையும் வைத்தேன்.