ஆமைக்குஞ்சைக் கையில் ஏந்தலாம்

ஏப்ரல் 20, திங்கள்

காலை ஈரப்பனி, மதியம் மழை. சப்பாத்துக்குள் தண்ணீர்.

ரவியின் பயண முகவர் நிலையம், வெக்ஸ்போர்ட். ஜூலையில் இங்குள்ள தமிழர் நாற்பது பேரைக் கரீபியன் தீவொன்றுக்குக் கூட்டிப்போகிறான். பயணத்துக்கான தமிழ்ப் பிரசுரம் எழுதுவது என் வேலை. கடற்கரை, ஊர்க்கதை, உயிரினங்கள், சாப்பாடு. (சோறு கறிக்குச் சமையல்காரரும் கூடவே வருகிறார். சோறில்லாமல் சனம் ஏழு நாள் தாங்காதாம்.)

அந்தத் தீவின் ஊர்க்கதையில் காட்டுக்கு ஒரு காவல் கிழவன். ஒரு கால் குளம்பு. மிருகங்களை வதைப்பவர்களை வழிதவற வைப்பான். நல்ல கதை. எழுதி ரவியிடம் கொடுத்தேன்.

“அக்கா, உது பேய்க்கதை. சனம் பயந்திடும். ஐயனார் எண்டு போடுங்கோ. சோழற்ரை கப்பலில போனவர் எண்டு ஒரு வரி.”

“குளம்பு?”

“அது குதிரையின்ரை.”

பகிடியில்லை. நம்பித்தான் சொல்கிறான்.

ஏப். 22, புதன்

வெயில். ஆனால் 4 பாகை.

அங்குள்ள விடுதி அனுப்பிய வீடியோ. நீலப் பிளாஸ்ரிக் பேசினில் ஆமைக்குஞ்சுகள், ஒன்றன் மேல் ஒன்று. வரிசையில் பிள்ளைகள். வெயில் கிறீம் வழுவழுக்கும் கைகள். பிளாஷ். ஒரு குஞ்சு மல்லாந்து, துடுப்புகள் காற்றில். யாரும் திருப்பிவிடவில்லை. மதியச் சாப்பாட்டை மூடிவைத்தேன்.

ரவி கேட்ட வரி: “ஆமைக்குஞ்சைக் கையில் ஏந்தி ஆசி பெறுங்கள்.” கூர்மாவதாரமாம்.

யாழ்ப்பாணத்தில் நாலு வருடம் விலங்கியல் படித்தவள் நான். குஞ்சு தானாக ஊர்ந்து கடலைச் சேர வேண்டும். வெளிச்சம் பட்டால் திசை கெடும். எழுதினேன்: “எட்ட நின்று பாருங்கள். தொடாதீர்கள்.” அனுப்பியாயிற்று.

ஏப். 27, திங்கள்

பிரசுரம் அச்சாகி வந்தது. என் வரி இல்லை, அவன் வரி. கீழே என் பெயர், பட்டத்தோடு.

“ஏன் கேக்காமல் போட்டனீர், ரவி?”

“படிச்ச ஆள் சொன்னாச் சனம் நம்பும் அக்கா. ஏன் கோவிக்கிறியள், ஆமை என்ன உங்கட சொந்தமோ?”

கழுவறைக்குப் போய்க் கை கழுவினேன். இரண்டு தரம்.

28, செவ்வாய்

மழை. பதிந்தவர்கள் இதுவரை ஏழு குடும்பம். ரவி தேநீர் வாங்கப் போன நேரம் பட்டியலை எடுத்தேன். முதலாவது குடும்பம் விட்பியில். தொலைபேசியில் அழைத்தேன். இளம் தாயின் குரல்.

“ஓம் அன்ரி, பிள்ளையள் அந்த ஆமைக்குத்தான் துள்ளுதுகள்.”

அந்த வரி நான் எழுதியதல்ல என்றேன். அந்த நீலப் பேசினைப் பற்றிச் சொன்னேன். மல்லாந்து கிடந்ததைச் சொன்னேன். தொட்டால், படம் பிடித்தால் அவை பிழைக்காமல் போகலாம் என்றேன்.



“அப்ப, டொல்பினைத் தொடலாமோ?”

வைத்துவிட்டேன். கதவடியில் ரவி, இரண்டு கோப்பையோடு. எவ்வளவு கேட்டானோ தெரியாது.

இரண்டாவது குடும்பத்தின் இலக்கத்தை அழுத்தினேன்.